இருபது தாள், ஒரு போன்: பெரியவர்கள் வகுப்பில் ப்ளிக்கர்ஸ்

வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வந்து உட்காரும் முப்பது பேரிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது தொழிற்பயிற்சி ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். முன் வரிசையில் இரண்டு பேர் "புரிஞ்சுது சார்" என்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பதினேழு வயதுப் பையன் என்றால் "தெரியல சார்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். நாற்பது வயதுக்காரர், பக்கத்தில் தன் மகள் வயதுப் பெண் உட்கார்ந்திருக்கும்போது, வாயைத் திறக்க மாட்டார். அவர் கேட்காமல் விட்ட கேள்வி அடுத்த வாரம் இரண்டாகும். அதற்கடுத்த வாரம் அவர் நாற்காலி காலியாக இருக்கும். ஷிஃப்ட் மாறிவிட்டது, பஸ் இல்லை, வீட்டில் ஆள் இல்லை என்று காரணம் வரும். அவை பொய்யல்ல. ஆனால் "நமக்கு இது ஏறாது" என்ற முடிவு பல சமயம் அந்தக் காரணங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

இந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, யாரையும் எழுப்பி நிறுத்தாமல், அரை நிமிடத்தில் காட்டுகிற கருவி ப்ளிக்கர்ஸ். செய்தவர்கள் பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள்; அமெரிக்காவில் ஒரு கணக்கு ஆசிரியர் தன் வகுப்புக்காகத் தொடங்கியது இது. காகித கிளிக்கர் (கிளிக்கர் என்பது விடையைப் பொத்தானில் அழுத்திச் சொல்லும் கையடக்கக் கருவி) என்ற பொருளில் பேப்பர், கிளிக்கர் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். ஆனால் பள்ளிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே இது அதிகம் பொருந்துகிறது என்பது எங்கள் கணிப்பு.

மாணவர் கையில் ஒரு அட்டை மட்டும்தான். அதில் க்யூஆர் கோடு போலக் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், அதன் நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடை எந்த எழுத்தோ அது மேலே வரும்படி அட்டையைத் திருப்பி, ஆசிரியரைப் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் ப்ளிக்கர்ஸ் செயலியைத் திறந்து தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தோ பொடி. அதனால் பக்கத்து ஆள் எப்படிப் பிடித்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

எல்லாரிடமும்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறதே, அட்டை எதற்கு என்று கேட்கலாம். இருக்கிறது. மாலை ஆறரைக்கு அதில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் மதியச் சாப்பாட்டோடு தீர்ந்திருக்கும். வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது பிள்ளையிடம் இருக்கும். இதையெல்லாம் தாண்டி வந்தாலும் லிங்க்கைத் திற, கோடு போடு, பெயர் கொடு என்று மூன்று படி. அந்த ஒவ்வொரு படியிலும் திணறி, "தம்பி, இத கொஞ்சம் பாரு" என்று பக்கத்தில் நீட்ட வேண்டிய நிலை வரும். கேள்வியே இன்னும் வரவில்லை, அதற்குள் ஒரு தோல்வி. அட்டையைத் திருப்பிப் பிடிக்க யாருக்கும் யார் உதவியும் வேண்டாம்.

இனி ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். ப்ளிக்கர்ஸ் இணையதளத்திலேயே அட்டைகள் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. 40 அட்டைத் தொகுப்பு, 63 அட்டைத் தொகுப்பு என்று இரண்டு. சாதாரண அளவில் ஒரு தாளுக்கு இரண்டு அட்டை. ஆக 40 அட்டைக்கு 20 தாள். பெரிய அளவு அட்டை தாளுக்கு ஒன்று. நீளமான ஹாலில் பின் வரிசை தூரமாக இருந்தால் அதை எடுங்கள். வகுப்பில் 25 பேர்தான் என்றாலும் 40ஐயும் அச்சிட்டு வையுங்கள், நடுவில் சேருகிறவர்களுக்கும் தொலைத்தவர்களுக்கும் ஆகும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் எடுத்தால் ஒரு மாதத்தில் முனை மடங்கிவிடும், தூக்கிப் பிடித்தால் வளையும். வளைந்த அட்டையைக் கேமரா படிக்காது. 200 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் எடைக் கணக்கு) குறையாத அட்டைத்தாள் கேளுங்கள்.

கடைக்காரர் அடுத்ததாக "லேமினேஷன் போட்டுடலாமா?" என்பார். பலர் காசை வீணாக்குவது இங்கேதான். பளபளக்கும் லேமினேஷன் டியூப் லைட் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். வடிவத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை விழும், அந்த அட்டை கேமராவுக்கு இல்லாத அட்டை. பகல் வகுப்பில் ஒழுங்காக வேலை செய்த அட்டை மாலை வகுப்பில் மக்கர் பண்ணுவதற்குக் காரணம் இதுதான். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கிடைத்தால் போடுங்கள். இல்லாவிட்டால் எதுவும் போடாமல் விடுங்கள். டோனர் தீர்ந்துபோகும் மெஷினில் கறுப்பு சாம்பலாக வந்தாலும் தொல்லை. வெட்டும்போது வடிவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைத் தாராளமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் கட்டை விரல் கறுப்பின் மேல் ஏறும், அதையும் கேமரா படிக்காது.

முதல் நாள் குழப்பம் ஒன்று உண்டு. இதை எந்த உதவிக் குறிப்பிலும் போதுமான அளவு சொல்வதில்லை. எழுத்துகள் அட்டையின் முன்பக்கம் இருக்கின்றன. முன்பக்கமோ ஆசிரியரைப் பார்க்க வேண்டும். மாணவர் அட்டையைத் தன் பக்கம் வைத்து ஏ-யை மேலே கொண்டுவருகிறார், சரி. பிறகு காலண்டர் தாளைப் புரட்டுவதுபோல் கீழ் ஓரத்தைத் தூக்கி ஆசிரியர் பக்கம் புரட்டினால் சி மேலே போய்விடும். சரியான விடை தெரிந்தவர் தப்பாகப் பதிவாவார். புத்தகப் பக்கத்தைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். சொல்லிக் கொடுத்தாலும் அவசரத்தில் மறக்கும். இதற்கு நல்ல வழி, பின்பக்கத்திலும் எழுத்தை எழுதிவிடுவது: அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னால் எழுத்து தெரியும் ஓரத்துக்கு நேர் பின்னால் அதே எழுத்தைப் பென்சிலால் பொடியாக எழுதுங்கள். வெளிச்சத்தில் பிடிக்காமல் முன்பக்கத்தைப் பார்த்துப் பின்பக்கம் எழுதினால் இட வலம் மாறி, பி-யும் டி-யும் இடம் பெயர்ந்துவிடும். பின்பக்கம் உங்கள் சொந்த இடம் என்பதால் அ, ஆ, இ, ஈ என்றுகூட எழுதலாம். கரும்பலகையில் விடைகளுக்கும் அதே எழுத்தைப் போடுங்கள். பெரிதாக மட்டும் எழுதாதீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவர் படித்துவிடுவார்.

தளத்தில் வகுப்பு ஒன்றை உருவாக்கிப் பெயர்களை ஏற்றும்போது அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வைத்துக்கொண்டால் பின்னால் தலைவலி இல்லை.

இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்வி வரைதான் வைக்க முடியும். தொகுப்புகள் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். கட்டணக் கணக்கு எடுத்தால் இந்த வரம்பு போகும், ஆனால் அது டாலரில் சந்தா. மாலை வகுப்பு நடத்துகிறவருக்கு அது தேவையில்லை. இரண்டு மணி நேர வகுப்புக்கு ஐந்து கேள்வியே அதிகம். போன வகுப்பில் நடத்தியதிலிருந்து ஒன்று, வகுப்பு தொடங்கியதும், நடுவில் ஒன்றிரண்டு, கிளம்பும் முன் ஒன்று. தொடக்கத்தில் வைக்கும் பழைய கேள்வியை யாரும் விட்டுவிடக் கூடாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீட்டில் புத்தகத்தைப் பிரிக்க நேரமே இல்லாத ஆளுக்கு வகுப்பில் கிடைக்கும் அந்த மூன்று நிமிடம்தான் திருப்புதல்.

கேள்வியைத் தமிழிலேயே தட்டச்சலாம். ஒரு எச்சரிக்கை: பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள், திரையில் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். செயலியின் மெனுக்கள் தமிழில் இல்லை. அது ஆசிரியருக்கு மட்டும் என்பதால் பாதகமில்லை.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். இது பலன் தருவதும் தராததும் கேள்வியில்தான் இருக்கிறது. ஓம் விதியைச் சொன்னவர் யார் என்ற ரகக் கேள்விகளை அட்டையில் கேட்டால் இரண்டே வாரத்தில் வகுப்புக்குச் சலித்துவிடும். பெரியவர்களுக்கு வைக்கும் கேள்வியில் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தப்பின் பெயராக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வகுப்புக்கு ஒன்று பாருங்கள்:

230 வோல்ட் லைனில் 1000 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுகிறது. எத்தனை ஆம்பியர் இழுக்கும்? ஏ) 0.23 பி) 4.35 சி) 16 டி) 52.9

பி சரி, 1000ஐ 230ஆல் வகுத்தால் 4.35. ஏ காட்டியவர் தலைகீழாக வகுத்துவிட்டார், சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார். டி காட்டியவர் வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்திருக்கிறார். அது ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ், 52.9 ஓம். அவர் கணக்கு தப்பில்லை, கேள்வியைத்தான் சரியாகப் படிக்கவில்லை. சி காட்டியவர்தான் முக்கியமான ஆள். அவர் கணக்கே போடவில்லை. ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுப் போட்டுப் பழகிய கை அது. வகுப்பிலேயே அதிக வேலை அனுபவம் உள்ளவர் அந்த விடையைக் காட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவரிடம் "தப்பு" என்று சொன்னால் அவருடைய பத்து வருட வேலையைத் தப்பு என்று சொன்னதாகிவிடும். "16ன்னு போட்டவங்க சைட்ல வேலை பார்த்தவங்க. அது சாக்கெட் தாங்குற அளவு. ஹீட்டர் இழுக்கிறது எவ்வளவு?" என்று கேட்டால் அவரே முன்னால் வந்து விளக்குவார். குழாயின் அளவு வேறு, அதில் ஓடுகிற தண்ணீர் வேறு என்று அவர் வாயிலிருந்தே வரும். பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சுமந்துகொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள், அதைப் பாடத்துக்குள் சேர்க்காமல் அவர்களுக்குக் கற்பிக்க முடியாது என்பது அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் காலத்திலிருந்து முதியோர் கல்வியில் சொல்லப்படுவதுதான். அட்டை அந்த அனுபவம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டித் தருகிறது.

கணக்குப்பதிவு வகுப்புக்கு இன்னொன்று. விலை 1000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட. வரிக்கு முந்தைய மதிப்பு என்ன? ஏ) 820 பி) 847.46 சி) 982 டி) 1180. கடையில் பில் போட்டுப் பழகியவர்கள் பலர் 820க்குப் போவார்கள். 1000த்தில் 18 சதவீதம் 180, கழித்தால் 820. இது தவறு என்று வாயால் விளக்குவது கடினம், கால்குலேட்டரில் திருப்பிப் போட்டுக் காட்டுவது எளிது: 820க்கு 18 சதவீதம் 147.60, கூட்டினால் 967.60. ஆயிரம் வரவில்லை. 1000ஐ 1.18ஆல் வகுத்தால் 847.46, வரி 152.54, உள்மாநில விற்பனையில் அது மத்திய, மாநில வரியாக 76.27, 76.27 என்று பாதி பாதியாகப் பிரியும். சி காட்டியவர் சதவீதத்தை ரூபாயாக எடுத்துக்கொண்டார். அவருக்கு ஜிஎஸ்டிக்கு முன் சதவீதமே பத்து நிமிடம் தேவை. இதைப் பரீட்சையில் கண்டுபிடிப்பதைவிட இரண்டாம் வாரத்தில் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

விடைகள் வந்தபின் என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்டுவரும் முறை இதற்கு அப்படியே பொருந்தும். சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் யாரோடு யார் பேசினாலும் பயனில்லை, நீங்களே வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் ஓரிரு வரி விளக்கிவிட்டு நகரலாம். இடையில் விழுந்தால், அதாவது முப்பது பேரில் ஒன்பது முதல் இருபத்தொரு பேர் வரை சரி என்றால், விடையைச் சொல்லாமல் "பக்கத்துல வேற விடை வச்சிருக்கிறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க, ஏன்னு சொல்லுங்க" என்று விட்டுவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசும் அந்த இரண்டு நிமிடம் சத்தமாகத்தான் இருக்கும். முதல்வர் அறைக்குப் பக்கத்து வகுப்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, பேச விடுவதற்கு முன்பே புரொஜெக்டரில் விடை வரைபடத்தைத் திறந்துவிடுவது. எந்தக் கம்பம் உயரமோ அதற்கே மறுமுறை எல்லாரும் போய்விடுவார்கள், விவாதம் செத்துவிடும். வரைபடத்தை இரண்டாம் சுற்றுக்குப் பிறகு காட்டுங்கள். இன்னொன்று: அதே கேள்வியில் மறுபடி ஸ்கேன் செய்தால் பழைய விடை மேல் புதியது ஏறிவிடும். பேசுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று ஒப்பிட வேண்டுமானால் தொகுப்பில் அதே கேள்வியை இரண்டு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் இரண்டு போகும், பரவாயில்லை.

ஸ்கேன் செய்யும்போது போன் திரையில் ஒவ்வொருவர் பெயரும் சரி என்றால் பச்சையாகவும், தப்பு என்றால் சிவப்பாகவும் மிதக்கும். இது ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் உரியது. லேப்டாப் இல்லை என்று போன் திரையையே புரொஜெக்டரில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தால் நீங்கள் மறைக்க நினைத்த எல்லாமே சுவரில் எட்டடிக்குத் தெரியும். லேப்டாப்பில் தளத்தைத் திறந்து, அதே கணக்கில் உள்நுழைந்து, கேள்வியையும் வரைபடத்தையும் மட்டும் காட்டுங்கள்; விடையை வெளியிடும் நேரத்தில் மாணவர் பட்டியல் திரையில் இருக்கக் கூடாது. புரொஜெக்டரே இல்லை என்றாலும் கவலையில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். செயலியில் "கேள்வி 1" என்று மட்டும் போட்டுச் சரியான எழுத்தைக் குறித்து வைத்தால் போதும்.

அட்டை படிக்காமல் போனால் எண்ணைக் கூப்பிட்டு "பதினாலு, அட்டையக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க" என்று சொல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக ஆள் சுருங்குவார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களின் அட்டை இருண்டு தெரியும். நீங்கள் இடத்தை மாற்றி நின்று பிடியுங்கள். ஆட்டோஃபோகஸ் மெதுவான பழைய போனில் பின் வரிசை தடுமாறும். இரண்டடி முன்னால் நடந்தால் சரியாகிவிடும்.

சரி, மாணவர்கள் தங்கள் போனிலேயே விடை தட்டும் வினாடி வினா செயலியான காஹூட் இருக்கும்போது இது எதற்கு? நார்வேயில் பிறந்து 2013ல் வெளிவந்த காஹூட்டை இன்று தெரியாத ஆசிரியர் குறைவு. இசை, நிறம், கடிகாரம், கடைசியில் வெற்றி மேடை, வகுப்பு அதிரும். ஆனால் அதன் மதிப்பெண் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சரியான விடையை உடனே தட்டினால் 1000 புள்ளி; கடைசி வினாடியில் தட்டினால் 500. இருபது வினாடிக் கேள்வியைப் பத்து வினாடி யோசித்துச் சரியாகச் சொன்னவருக்கு 750. அதாவது யோசித்ததற்கு அபராதம். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கேள்வியை இரண்டு முறை படிக்கிற ஐம்பது வயதுக்காரர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியும் பட்டியலில் அடியில் கிடப்பார். ஒயரிங்கிலும் மருந்து அளவிலும் வேகமாகத் தட்டுகிற பழக்கத்தையா நாம் வளர்க்க வேண்டும்? காஹூட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் நேரத்தை நான்கு நிமிடம் வரை நீட்டலாம், புள்ளி இல்லாத கேள்வியாக வைக்கலாம், மூன்று நான்கு பேர் சேர்ந்த அணியாக ஆட விடலாம். இன்னொரு இடைஞ்சல் தமிழுக்கே உரியது: கேள்விக்கு 120 எழுத்து வரைதான் இடம். கணினிக் கணக்கில் புள்ளியும் கொம்பும் தனி எழுத்து. "கொள்கலன்" என்ற ஐந்து எழுத்துச் சொல் எட்டாக எண்ணப்படும். சூழலை விவரித்துக் கேட்கிற கேள்வி அதில் அடங்காது. மாதக் கடைசியில் ஒருநாள் கலகலப்புக்குக் காஹூட் வைக்கலாம். வாராவாரம் வேண்டாம்.

போனில் வாக்கும் கருத்தும் கேட்கும் கருவியான, ஸ்வீடனிலிருந்து வரும் மென்டிமீட்டர் இந்த விஷயத்தில் நாகரிகமானது. வினாடி வினாப் போட்டியாக வைக்காதவரை பெயர் கேட்காது, வேகத்துக்குப் பரிசு தராது. கருத்துக் கேட்க நல்லது. இலவசக் கணக்கில் மாதத்துக்கு 50 பேர் என்ற வரம்பு இருப்பதால் இரண்டு பேட்ச் வைத்திருப்பவருக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பேர்போன சொல் மேகம் தமிழில் சொதப்புகிறது. ஒரே சொல்லைப் பலர் எழுதினால் அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. "எது கஷ்டமாக இருக்கு?" என்று கேட்டால் ஒருவர் "கணக்கு", இன்னொருவர் "கணக்குதான்", மற்றொருவர் "கணக்குல", நான்காமவர் ஆங்கில எழுத்தில் அதையே தட்டுவார். நான்கும் நான்கு சொல்லாகப் பொடியாகச் சிதறிக் கிடக்கும். தேர்வு விடைகள் கொடுத்துக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைக்கும் வசதி 2022 முதல் இருக்கிறது, 12 விடை வரை கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கலாமா என்று கேட்க அருமை. பாடக் கேள்விக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: யார் எதற்கு வாக்களித்தார் என்று குழுவில் எல்லாரும் பார்க்கலாம். முதலில் இரண்டு கெட்டிக்காரர்கள் போடுவார்கள், மற்ற எல்லாரும் அதையே போடுவார்கள்.

ப்ளிக்கர்ஸால் ஆகாதவையும் உண்டு. நான்கு விடைக்கு மேல் வைக்க முடியாது. எழுதி விடை சொல்ல முடியாது. கைவேலையை இது சோதிக்காது. கிரிம்பிங், அதாவது ஒயர் முனையில் லக்கை இறுக்கி அழுத்தியது, சரியாக இருக்கிறதா என்பதைப் பக்கத்தில் போய்க் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தப்பாகச் செய்த வேலையின் படத்தைக் கேள்வியோடு போட்டு "இதில் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்?" என்று கேட்கலாம், பட்டறைக்குள் நுழையும் முன் அது நல்ல தயாரிப்பு.

வருகைப் பதிவுக்கு இதைப் பயன்படுத்தலாமே என்று நிர்வாகத்துக்கு ஒரு யோசனை நிச்சயம் வரும். தடுத்துவிடுங்கள். ஒரு கைக்கு ஒரு அட்டை என்று இரண்டு அட்டையைத் தூக்க ஒரே ஆள் போதும்; கேமராவுக்கு ஆள் தெரியாது, அட்டைதான் தெரியும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இணைப்பதும் அதே கதைதான். மதிப்பெண் என்றவுடன் தெரியாததைத் தெரியாது என்று காட்டும் துணிச்சல் போய்விடும், பக்கத்தில் கிசுகிசுப்பு தொடங்கும். அப்புறம் அட்டையில் தெரிவது அந்த மேசையின் விடையாகத்தான் இருக்கும்.

பதிவாகும் விவரங்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் உண்டு. தளத்தில் ஒவ்வொருவருக்கும் தேதிவாரியாக விடைகள் நிற்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கையில் கொடுங்கள்: "ஜூன் தொடக்கத்தில் பத்தில் மூன்று, இப்போது பத்தில் ஏழு. டிஸ்கவுன்ட் கணக்கு மட்டும் இன்னும் பார்க்க வேண்டும்." தன்னையே தன்னோடு ஒப்பிட்ட அந்த ஒரு வரி, சுவரில் ஒட்டிய ரேங்க் பட்டியல் செய்யாத வேலையைச் செய்யும். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு ஒருவர் வரிசை காலியாக இருந்தால் அன்று இரவே போன் செய்யுங்கள். "ஏன் வரல?" என்று தொடங்க வேண்டாம். "செவ்வாய்க்கிழமை என்ட்ரி எப்படிப் போடுறதுன்னு பார்த்தோம், வியாழக்கிழமை பதினஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தீங்கன்னா சேர்ந்து பார்த்துடலாம்" என்று சொன்னால் திரும்பி வருவதற்கு ஒரு வழி கிடைக்கும்.

எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்தது தமிழ் மெனு இல்லாததற்கும், முதல் நாள் அட்டைப் புரட்டல் குழப்பத்துக்கும். பத்துப் பேருக்கும் குறைவான வகுப்பு என்றால் இவ்வளவும் வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் நான்கு நிற சார்ட் வாங்கி உள்ளங்கை அளவில் வெட்டி ஆளுக்கு நான்கு கொடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும். மூன்று சொல்வதற்கு முன் யாரும் தூக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.